எருமையின் பின் நங்கூரம்

கப்பல்களைப் பற்றி இருபது வருடமாக எழுதுகிறேன். கப்பலில் ஏறினால் பத்தாவது நிமிடம் வாந்தி எடுப்பேன். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தான் என் வீட்டுக்காரர் போகிற கல்யாண வீட்டில் எல்லாம் ஆட்களைச் சிரிக்கவைக்கிறார். சிரித்துவிட்டுப் போகட்டும். தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீசில் பகல் முழுக்கச் சரக்குக் கப்பல் காகிதங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, ஓய்வு பெற்ற கடற்படைக் கப்பல்களின் காகிதங்களை எடுத்து வைத்துக்கொள்வேன். எப்போது கடலில் இறங்கியது, எங்கெல்லாம் போனது, எதில் இடித்தது, எதை இழந்தது, கடைசியில் எந்தக் கரையில் உடைபட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதுவேன்.

அப்படி எழுதிய கப்பல்களில் ஒன்று, ஆட்களையும் வண்டிகளையும் நேராகக் கரையிலேயே கொண்டு இறக்குகிற வகை. அடிப்பாகம் தட்டை. மணலில் முகத்தை வைத்து ஏறி, வாயைத் திறந்து, வயிற்றில் இருப்பதை இறக்கும். சேற்றைக் கண்டால் படுத்துவிடுகிற குணத்துக்காக அதன் மாலுமிகள் வைத்த பட்டப்பெயர் எருமை. இப்படிக் கரையேறுகிற கப்பல், வருகிற வழியிலேயே பின்பக்கம் ஒரு நங்கூரத்தைப் போட்டு அதன் இரும்பு வயரை விட்டுக்கொண்டே வரும். திரும்பும்போது அந்த வயரைச் சுருட்டித்தான் தன்னைத் தானே கடலுக்குள் இழுத்துக்கொள்ளும்.

சுனாமி வந்த வாரம் எருமை நிக்கோபார் பக்கம் ஆட்களை ஏற்றிவரப் போனது. அதைப் பற்றி நான் எழுதியது ஒரே வரி. ‘கச்சால் தீவில் கரையேறி நின்றபோது பின் நங்கூரத்தை இழந்தது, காரணம், பொறுப்பிலிருந்த மாலுமியின் கவனக்குறைவு.’ ஒரு சிறு பத்திரிகையில் அது வந்தது. நான் மறந்தும்விட்டேன்.

பிறகுதான் போர்ட் பிளேருக்குப் பக்கத்துப் புரோத்ராபூரிலிருந்து கடிதம் வந்தது. எழுதியவள் ஷாலினி, கல்லூரி மாணவி. ‘அந்தப் பொறுப்பில் இருந்தவர் என் அப்பா. உங்கள் கட்டுரையை யாரோ அவருக்கு போனில் அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து பழைய மாலுமிகள் கூடுகிற இடத்துக்கு அவர் போவதில்லை. டிசம்பரில் கடற்படை நாளன்று கொடியேற்ற அவரைத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நீங்கள் அங்கே நின்று பார்த்தீர்களா? அந்த வரியை எடுத்துவிடுங்கள்.’

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. காகிதத்தில் இருந்ததைத்தானே எழுதினேன்! இரண்டு நாளில் கோபம் இறங்கிச் சங்கடம் ஏறியது. காகிதம் ஒன்று, ஆள் ஒருவர், இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுதுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள் நான். எருமைக்குக் காகிதம் மட்டும்தான் இருந்தது. ஆளைத் தேடச் சோம்பல். இப்போது அந்தக் குறிப்புகள் புத்தகமாக வருகின்றன. மெய்ப்புப் படிகள் என் பையில் இருந்தன. திங்கட்கிழமைக்குள் திருத்தம் சொல்லாவிட்டால் அந்த வரி அப்படியே அச்சேறிவிடும். லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். ஊருக்குப் புதுப்பெயர் வந்துவிட்டது. பலகையில் ஒரு பெயர், ஆட்கள் வாயில் பழைய பெயர். மரைன் ஹில்லில் ஒரு சின்ன விடுதி. அறைக்குப் போகிற படிகளை ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. எங்கள் தூத்துக்குடியில் மேடு என்று சொல்ல உப்புக் குவியலைத்தான் காட்ட முடியும். குளித்துவிட்டு வெளியே பார்த்தால் இருட்டு. கைக்கடிகாரம் நின்றுவிட்டது என்று நினைத்து உதறினேன். ஐந்தே கால்தான். இந்தத் தீவில் அதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது.

பசி. கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. பரிமாறுகிறவர் இந்தியில் கேட்டார். எனக்குத் தெரிந்த பதினைந்து இந்தி வார்த்தைகளையும் செலவழித்து, கையால் மீனை நீந்தவைத்துக் காட்டி, சோறும் சூரை மீன் குழம்பும் கேட்டு வாங்கினேன். அவர் உள்ளே திரும்பி, “ஏப்பா, அந்தம்மாவுக்கு நடுத்துண்டாப் போடு, பாவம் எந்த ஊரோ” என்று அசல் மதுரைத் தமிழில் கத்தினார். “அண்ணே, முதல்லயே தமிழ்ல கேட்டிருக்கலாம்ல!” என்றேன். “இங்க யாரு என்ன ஆளுன்னு எப்படிம்மா தெரியும்? பெங்காலியா, தெலுங்கா, மலையாளமா? இந்தில ஆரம்பிச்சா சண்டை இல்ல” என்றார். குழம்பு நன்றாக இருந்தது. புளி மட்டும் எங்கள் ஊர்க் கணக்குக்குக் குறைவு.

வெள்ளிக்கிழமை ஷாலினி ஹேடோவுக்கு வரச்சொல்லியிருந்தாள். துறைமுகத்தில் மெயின்லேண்ட் கப்பல் ஒன்று வந்து நின்றிருந்தது. பக்கத்தில் இரண்டு பெண்கள் இந்தியில் பேசிக்கொண்டதில் பாதி எனக்கும் புரிந்தது. “வெங்காயம் வந்திருக்கா?” “வந்திருக்கும். நாளைக்குப் பார், விலை இறங்கும்.” எங்கள் ஊரில் துறைமுகத்துக்கும் வெங்காயத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் நினைப்பதே இல்லை.

ஷாலினி ஒல்லியாக, முறைப்பாக வந்தாள். வணக்கம் சொல்லவில்லை. “நீங்கதான் அந்தக் கட்டுரையா?” என்றாள். நான்தான் அந்தக் கட்டுரை என்று ஒத்துக்கொண்டேன். “மம்மிக்கு இது எதுவும் தெரியாது. மத்லப், அதாவது கட்டுரை வந்ததே தெரியாது. அப்பா காட்ட வேணாம்னுட்டார். அங்க வந்து சத்தமா எதுவும் கேட்டுடாதீங்க” என்றாள். சரி என்றேன். என் குரல் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாது.

புரோத்ராபூர் பஸ் பாதி மேட்டில் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. கண்டக்டர் எதுவும் சொல்லவே இல்லை. எல்லோரும் தாங்களாகவே இறங்கி நடந்தார்கள். எங்கள் ஊராக இருந்தால் முதலில் அரை மணி நேரம் டிரைவரைத் திட்டியிருப்போம். என் பையை ஷாலினி பிடுங்கிக்கொண்டாள். “இதுலதான் அந்தப் புக்கு இருக்கா?” என்றாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு பையைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

பாக்கு மரங்களுக்கு நடுவில் தகரக்கூரை வீடு. ஷாலினியின் அப்பா ராமையா கத்தரிப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றபோது முதுகு நேராக நின்றது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் கடற்படை அந்த முதுகில் மிச்சம் இருந்தது. கை கழுவிவிட்டு வந்தவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

“புள்ள எழுதுனத மன்னிச்சுக்குங்க மேடம். அதுக்குக் கோவம் சாஸ்தி. நீங்க எழுதுனது சரிதான். கவனக்குறைவுதான். எடுக்க வேணாம்.”

“அப்பா!”

“சும்மா இரும்மா. விசாரணையில கேட்டாங்க, ஆமான்னு கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னைய மெரட்டல. இப்ப மாத்திச் சொன்னா அப்ப சொன்னது பொய்யாயிரும்.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. காகிதம் ஒன்று, ஆள் ஒருவர். என் விதிப்படி வரி தேறிவிட்டது. ஷாலினி பையை என் காலடியில் தொப்பென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் மனைவி பரமேஸ்வரி தேங்காய் ரொட்டியும் மாசிக் கருவாடு போட்டு இடித்த சம்பலும் கொண்டுவந்தார். இவருடைய குடும்பமும் ராமையாவின் குடும்பமும் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்து கச்சாலில் ரப்பர் வெட்டக் குடியேறியவர்கள். சுனாமிக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். சம்பல் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. வெட்கப்படாமல் மூன்றாவது ரொட்டி கேட்டேன்.

“எங்க கல்யாணக் கத தெரியுமா அக்கா?” என்று பரமேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். “தண்ணி வந்து மூணாம் நாளு, நிக்கோபாரிக்காரரு ஒருத்தரு எங்கள ஹோடில ஏத்திக் கப்பல்கிட்டக் கொண்டாந்தாரு. மேலருந்து கையப் புடிச்சுத் தூக்குனது இவருதான். தூக்குனவரையே கட்டிக்கிட்டேன்!” ஹோடி என்பது ஒரு பக்கம் கட்டை கட்டிய சின்னப் படகு. “ஆனா பாருங்க, இவருக்கு அலை ஒத்துக்காது. அதனாலதான் நேவிய விட்டுட்டாரு. கடல்காரனுக்குக் கடல் ஒத்துக்கலையாம்!”

எனக்கும் அதே வியாதிதான் என்று சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். ராமையா சிரிக்கவில்லை. எழுந்து பாத்திக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை எனக்கு வேலை எதுவும் இல்லை. ஞாயிறு ஊருக்குத் திரும்ப வேண்டும். நிக்கோபார் பக்கம் போக அனுமதிச்சீட்டு வேண்டும், அது இரண்டு நாளில் நடக்கிற காரியம் இல்லை. துறைமுகத்தையாவது தண்ணீரிலிருந்து பார்ப்போமே என்று சாத்தம் படகுத்துறையிலிருந்து அக்கரைக்குப் போகிற படகில் ஏறினேன். கால் மணி நேரப் பயணம்தான். ஏழாவது நிமிடமே குனிந்துவிட்டேன். பக்கத்திலிருந்த தெலுங்குப் பெண் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து, நகத்தால் கீறி, என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். அந்தப் புண்ணியவதியின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அக்கரையில் படகைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வடம் விறைத்து நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு மீன்காரர் தன் சின்னப் படகை வடத்துக்கும் துறைமேடைக்கும் நடுவில் கொண்டுவந்துவிட்டார். “விடு, விடு, தளர்த்து!” என்று இந்தியில் ஒரு கூச்சல். வடத்தைப் பிடித்திருந்தவர் சட்டென்று இரண்டு சுற்றைக் கழற்றிவிட, வடம் தொய்ந்து தண்ணீருக்குள் போனது. மீன்காரர் அதன் மேலேயே மிதந்து, திட்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டு, வெளியே போய்விட்டார். மறுபடி வடத்தை இறுக்கிக் கட்டினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி அப்படியே நின்றேன். பையைத் திறந்து எருமையின் இழப்பு அறிக்கை நகலை எடுத்தேன். அதில் காரணம் என்ற இடத்தில் மூன்றே மூன்று கட்டங்கள்: வானிலை, கருவிக் கோளாறு, ஆட்களின் கவனக்குறைவு. ஏதாவது ஒன்றில் குறி போட்டே ஆகவேண்டும். வானிலை: கடல் அமைதி. கருவி: பிரேக் சோதிக்கப்பட்டது, குறையில்லை. மிச்சம் ஒன்றுதான், அதில் குறி. இதை எத்தனை தடவை படித்திருக்கிறேன்! குறையில்லாத பிரேக் தானாக விடாது. வயர் சுற்றிய உருளையின் பிரேக்கைத் திறக்கக் கைச்சக்கரத்தைப் பத்துச் சுற்றாவது சுற்ற வேண்டும். கவனம் இல்லாதவன் எவனாவது சக்கரத்தைப் பத்துச் சுற்று சுற்றுவானா? இருபது வருடமாகக் கப்பல் காகிதம் படிக்கிறவளுக்கு இது உறைக்கவில்லை. எனக்கு என்மேல் வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

திரும்பும் படகிலும் வாந்தி எடுத்தேன். அதே சேலையோடு பஸ் ஏறினேன். புரோத்ராபூர் வீட்டுக்குள் நுழைந்தபோது மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஷாலினி சொன்ன எச்சரிக்கை, ராமையாவின் தணிந்த குரல் எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. வாசலில் நின்றபடியே கேட்டேன்.

“சார், பிரேக் நல்லா இருந்திருக்கு. நீங்களாச் சக்கரத்தைச் சுத்தாம அது திறந்திருக்காது. ஏன் திறந்தீங்க?”

ஷாலினி தலையில் கை வைத்துக்கொண்டாள். ராமையா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“எந்த பிரேக்கு?” என்றார் பரமேஸ்வரி.

பரமேஸ்வரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் ஷாலினிதான் சொன்னாள். அப்பா பொறுப்பிலிருந்த நங்கூரம் தொலைந்ததையும், அதை நான் கவனக்குறைவு என்று எழுதியதையும், அப்பா அதை ஒத்துக்கொண்டதையும் சொன்னாள். பரமேஸ்வரி கணவர் பக்கம் திரும்பினார். அவர் தட்டைப் பார்த்தே பேசினார்.

“ஹோடி ஒண்ணு பின்பக்கமா வந்துச்சு. முன்பக்கம் கூட்டம், அதனால சுத்தி வந்திருக்காங்க. வயரு விறச்சு நிக்குது. ஹோடியோட பக்கக்கட்ட அதுல மாட்டிக்கிச்சு. கப்பல் ஒரு ஆட்டம் ஆடுச்சுன்னா வயரு மேல எந்திரிக்கும், ஹோடி கவுந்துரும். ஏழு பேரு. உத்தரவு கேக்க நேரமில்ல. தொறந்துட்டேன். வயரு கீழ போச்சு, ஹோடி தப்பிச்சிருச்சு.”

“அப்ப உங்க மேல தப்பே இல்லையே!” என்றேன்.

“இருக்கு மேடம். தொறந்தது தப்பில்ல. மூடாம விட்டதுதான் தப்பு. ஹோடி தாண்டுனவொடன சக்கரத்த மூடியிருக்கணும். மூடல. வயரு முழுசா ஓடி, நுனியும் பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அப்பறம் கப்பல மணல்லருந்து எடுக்க என்னா பாடு பட்டோம் தெரியுமா? நானு ஹோடில வந்தவங்க மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன். எங்கம்மா இருக்காங்களா, அண்ணன் இருக்கானான்னு. ரெண்டு பேருமே இல்ல. அம்மா வேற கப்பல்ல வந்துட்டாங்க. அண்ணன் வரவே இல்ல. வேலையில நின்னவன் மொகத்தத் தேடிக்கிட்டு நின்னா அதுக்குப் பேரு என்னா? கவனக்குறைவுதானே?”

பரமேஸ்வரிதான் பேசினார்.

“மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தாராம்! என் கையப் புடிச்சுக்கிட்டு இருந்தாரு அக்கா. மொதல்ல பச்சப்புள்ளய வாங்குனாரு, அப்பறம் அத வச்சிருந்த பொம்பளய, அப்பறம் என்னைய. நான் ஏறுறப்ப வழுக்கி, தண்ணில தொங்கிட்டேன். இவரு விடல. அந்த நேரத்துல எப்புடி மூடுவாரு?”

ராமையா நிமிர்ந்து பார்த்தார். அழுகிறாரா இல்லையா என்று தெரியாத முகம்.

“அலை ஒத்துக்கலன்னு சொன்னீங்களே! இருவது வருசமா ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிச்சேனே! எதுக்கு நேவிய விட்டீங்க?”

“அந்தப் பேரோட இன்னொரு கப்பல்ல போயி நிக்க மனசு வரல. வேலைத் தவண முடிஞ்சப்ப மறுபடி எழுதிக் குடுக்கல, அவ்வளவுதான். ஒன்கிட்டச் சொன்னா, நம்மளாலதான் போச்சுன்னு நெனப்ப. வாழ வந்த புள்ள காலம்பூரா அத நெனச்சுக்கிட்டே சோறு ஆக்கணுமா?”

பரமேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய் அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். “ஆறிப்போச்சு, சாப்புடுங்க” என்றார். எனக்கும் ஒரு தட்டு வந்தது. இரண்டு வேளை வாந்தி எடுத்த வயிறு, ஆனாலும் சாப்பிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மெய்ப்புப் படியைத் தரையில் விரித்தோம். கவனக்குறைவு என்ற சொல்லை நான் அடித்தேன். ராமையா தடுத்தார். பொய் எழுதக் கூடாது, வீரம் கீரம் என்று எதுவும் போடக் கூடாது, காரணம் என்று கேட்டால் காரணத்தை மட்டும் எழுத வேண்டும் என்றார். நியாயம்தான். அறிக்கையில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன, என் புத்தகத்தில் கட்டமே இல்லை. ஒரு வரி எழுதிக் காட்டினேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “ரெண்டு கையும் இல்ல மேடம். ஒரு கையில கம்பியப் புடிச்சிருந்தேன்.”

“ரெண்டு கையும்தான்” என்றார் பரமேஸ்வரி. “தொங்குனது நானு. எனக்குத் தெரியாதா?”

காகிதம் ஒன்று, ஆள் இரண்டு. ஆட்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ராமையா கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

“சரி, அவங்க சொல்றபடி போட்டுக்குங்க” என்றார்.

“அப்ப டிசம்பர்ல கொடியேத்தப் போவீங்களா?” என்று கேட்டாள் ஷாலினி.

“மொதல்ல அதச் சத்தமாப் படி. ஒங்கம்மா கேக்கட்டும்.”

ஷாலினி தாளை வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் படிப்பது போல நேராக நின்று படித்தாள்: “கச்சால் தீவில் கரையேறி நின்றபோது பின் நங்கூரத்தை இழந்தது. காரணம்: பிரேக்கை மூட வேண்டிய மாலுமியின் இரண்டு கைகளும் அப்போது காலியாக இல்லை.”